தபாலில் சேராத கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் தனியார் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் எடுப்பவள். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மாதத்துக்கு ஒரு பழைய நாவல் என்று படித்து வருகிறோம். போன மாதம் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'. சின்னப் புத்தகம்தானே என்று எடுத்தோம். ஆளை அடித்துப் போட்டுவிட்டது. ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்தால், வெளியே வருவதற்குள் எதற்காக உள்ளே போனோம் என்பதே மறந்துவிடுகிறது.

கதை உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக: இருபது வயதுப் பெண், ஏழைப் பாதிரியாரின் கடைசி மகள். விளம்பரம் பார்த்து லண்டனுக்கு வந்து ஒரு பணக்காரரைச் சந்திக்கிறாள். எஸ்ஸெக்ஸில் ப்ளை என்ற இடத்தில் அவருடைய பெரிய வீடு இருக்கிறது. அங்கே தங்கி, தாய் தகப்பன் இல்லாத இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கவர்னஸ், அதாவது வீட்டு ஆசிரியை வேலை. போன இடத்தில் இறந்துபோன இரண்டு பேர் அவள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஒருவன் அங்கே இருந்த வேலைக்காரன் பீட்டர் க்விண்ட், இன்னொருத்தி இவளுக்கு முந்தைய கவர்னஸ் மிஸ் ஜெஸல். அவர்கள் குழந்தைகளைத் தேடித்தான் வருகிறார்கள் என்று நம்புகிறாள். கடைசியில் பையன் அவள் கையிலேயே இறந்துபோகிறான்.

எங்களுக்குள் நடந்த சண்டை பேயைப் பற்றி இல்லை. இவள் ஏன் முதலாளிக்கு ஒரு கடிதம் போடவில்லை? பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கியபோதே எழுதியிருக்கலாம். எவனோ வீட்டைச் சுற்றி அலைகிறான் என்று தெரிந்த அன்றே எழுதியிருக்கலாம். எங்கள் குழுவில் ஒருவர், 'எழுதினால் கதை முப்பது பக்கத்தில் முடிந்துவிடும், அதனால் ஆசிரியர் எழுத விடவில்லை' என்றார். இன்னொருவர், 'வேலை போய்விடுமே என்ற பயம்' என்றார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. கோபம்தான் வந்தது. என் வகுப்பில் ஒரு குழந்தைக்கு ஏதாவது என்றால் நான் முதலில் செய்வது வீட்டுக்குப் போன் அடிப்பது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கோபப்பட்டது சரிதான். அந்தக் கோபம் வராமல் படித்து முடித்தவர்கள் பேயை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். கதையின் முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். பையன் இறப்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், இனி மறைக்க என்ன இருக்கிறது.

முதலில், ஆசிரியரின் வசதிக்காகத்தான் அவள் எழுதவில்லை என்ற உங்கள் நண்பருக்கு. இந்தக் கதையின் விதை ஜேம்ஸுக்குக் கிடைத்தது 1895 ஜனவரி 10 அன்று. கேன்டர்பரி ஆர்ச்பிஷப் பென்சனின் வீட்டுக்குப் போயிருந்தார். எப்போதோ கேட்ட பேய்க்கதை ஒன்றை, பாதி மறந்த நிலையில், ஆர்ச்பிஷப் சொல்கிறார். இரண்டு நாள் கழித்து ஜேம்ஸ் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். பழைய கிராமத்து வீடு, பெற்றோரை இழந்த குழந்தைகள், அவர்களைக் கெடுத்த வேலைக்காரர்கள், செத்த பிறகும் குழந்தைகளைத் தங்களிடம் கூப்பிடும் அந்த வேலைக்காரர்களின் ஆவிகள். குறிப்பு அவ்வளவுதான். லண்டன் பணக்காரர் அதில் இல்லை. 'எனக்கு எழுதாதே' என்று அவர் அவளுக்குப் போடும் நிபந்தனையும் இல்லை. 1898ல் கோலியர்ஸ் வாரப் பத்திரிகையில் கதை தொடராக வந்தபோது இரண்டும் முன்வாசலிலேயே நிற்கின்றன. ஓட்டையை அடைக்கப் போட்ட ஒட்டு என்றால் யாரும் பார்க்காத மூலையில் போட்டிருப்பார். இவரோ வருகிறவர்களை நிறுத்தி வைத்து முதலில் அதைத்தான் காட்டுகிறார். அதனால் அதை ஒட்டு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பணக்காரர் அவளை வேலைக்கு எடுக்கும் அந்த நேர்முகத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நாவலின் தொடக்கத்தில், கிறிஸ்துமஸ் சமயத்தில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு டக்ளஸ் என்பவர் அதை விவரிக்கிறார். ஹார்லி தெருவில் பெரிய வீடு. ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த சாமான்களும் வேட்டைச் சின்னங்களும் நிறைந்த வீடு. கிராமத்துப் பாதிரியார் மகள் கனவில் மட்டும் பார்த்திருக்கக்கூடிய மாதிரி ஒரு ஆண், நல்ல வயது, கல்யாணம் ஆகாதவர். குழந்தைகள் அவருடைய தம்பியின் பிள்ளைகள். தம்பி ராணுவத்தில் இருந்தவர். தாயும் தகப்பனும் இந்தியாவில் இறந்துபோனார்கள். (ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று ஒரே சொல்லில் போய்விடுகிறது. நம் முறைப்படி அவர் பெரியப்பா. இனி அப்படியே சொல்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருகிற எதையும் இவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.)

அவர் வைக்கிற நிபந்தனை: தன்னைத் தொந்தரவு செய்யவே கூடாது. உதவி கேட்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது, எதைப் பற்றியும் எழுதக் கூடாது. பணம் வக்கீல் மூலமாக வரும். எல்லாவற்றையும் அவளே ஏற்றுக்கொண்டு அவரை நிம்மதியாக விட்டுவிட வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, என்னவோ சரியில்லையே என்று முன்னால் வந்தவர்கள் பயந்து விலகிப் போயிருக்கிறார்கள். இவள் சரி என்கிறாள். பாரம் இறங்கிய சந்தோஷத்தில் அவர் ஒரு நிமிடம் அவள் கையைப் பிடித்து, இந்தத் தியாகத்துக்கு நன்றி சொல்கிறார். தனக்குரியது அப்போதே கிடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றுகிறது. கணப்பருகே இருக்கும் ஒரு பெண்மணி, 'அவ்வளவுதானா அவளுக்குக் கிடைத்தது?' என்று கேட்கிறாள். டக்ளஸ் சொல்லும் பதில், அதன் பிறகு அவள் அவரைப் பார்க்கவே இல்லை என்பது. மொத்தம் இரண்டே சந்திப்பு.

நீங்கள் நாவலில் தேடிய காரணம் அந்தக் கைப்பிடிக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நிபந்தனையைக் காப்பாற்றுவது ஒன்றுதான் அவளுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற உறவு. எழுதாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கை அவள் கையில் இருக்கிறது. எழுதிவிட்டால், 'ஐயா, எனக்குச் சமாளிக்க முடியவில்லை' என்று சொல்லும் சம்பளக்காரி ஆகிவிடுவாள். அவ்வளவு நாளும் அப்படித்தானே இருந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். இருந்தாள். அவளுக்கு மட்டும் தெரியாது.

வேலை போய்விடும் என்ற பயத்தைச் சொன்ன நண்பரையும் அப்படியே தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்துக் கவர்னஸ் பிழைப்பு மோசமான பிழைப்புதான். இங்கிலாந்தில் 1851 கணக்கெடுப்பில் சுமார் 25,000 பேர் அந்த வேலையில் இருந்தார்கள். படித்த, காசில்லாத, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மரியாதை கெடாமல் சம்பாதிக்க வேறு வழி அநேகமாக இல்லை. வேலைக்காரர்களோடு சாப்பிட முடியாது, எஜமானர்களோடு உட்கார முடியாது. பின்னாளில் 'ஜேன் ஏர்' நாவலை எழுதிய ஷார்லட் ப்ராண்டி 1839ல் ஒரு வீட்டில் இந்த வேலைக்குப் போனவுடன் தங்கை எமிலிக்கு எழுதுகிறாள்: வீட்டு ஆசிரியை என்பவள் இருப்பதாகவே யாரும் நினைப்பதில்லை, அவள் செய்யும் அலுப்பூட்டும் வேலைகளோடு சேர்த்தால்தான் அவள் உயிருள்ள ஜீவன். 1841ல் அடுத்த வீட்டில் அவளுக்கு வருடச் சம்பளம் 20 பவுண்டு, அதில் துணி வெளுக்க 4 பவுண்டு பிடித்தம். வேலையை விட்டால் முதலாளியம்மா எழுதிக் கொடுக்கிற நற்சான்றுதான் அடுத்த வேலைக்கு மூலதனம். 'இவள் நச்சரிப்பவள்' என்று அதில் ஒரு வரி இருந்தால் தீர்ந்தது. நோயிலும் முதுமையிலும் திக்கற்று நின்ற இந்தப் பெண்களுக்காகவே 1843ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களுக்கு முறையான படிப்புக் கொடுக்க 1848ல் குயின்ஸ் காலேஜ் வந்தது. அது வந்த இடம் நம் பெரியப்பா குடியிருந்த அதே ஹார்லி தெரு. ஜேம்ஸ் அதை நினைத்துத்தான் தெருவைத் தேர்ந்தெடுத்தாரா என்று கேட்காதீர்கள். நான் அந்தக் கல்லூரியைப் பற்றிப் படித்தபோது தனியாகச் சிரித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆக, பயப்படுவதற்குக் காரணம் நிறைய. ஆனால் இந்தப் பெண் பயந்தவள் மாதிரி நடந்துகொள்வதில்லையே. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வீட்டு நிர்வாகி மிஸஸ் க்ரோஸ், பாவம், உங்களை மாதிரியே நியாயமாகப் பேசுகிறாள். பெரியப்பா வந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் எழுதுங்கள் என்கிறாள். கவர்னஸுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. வீடு விஷமாகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பைத்தியம் என்றா எழுதச் சொல்கிறாய்? அப்புறம் அவள் மனதுக்குள் ஓடுவதை நமக்கு மட்டும் சொல்கிறாள். அவர் சிரிப்பார். ஏளனம் செய்வார். தனியாக விடப்பட்டதைத் தாங்க முடியாமல், தன் அழகை அவர் கண்டுகொள்ளவில்லை என்பதற்காக, அவரைத் திரும்பிப் பார்க்க வைக்க இவ்வளவு பெரிய ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று நினைப்பார். இதை எண்ணித்தான் மிஸஸ் க்ரோஸிடம் எச்சரிக்கிறாள்: எனக்காக நீ அவரிடம் முறையிட்டால், அந்த நிமிடமே அவரையும் உன்னையும் விட்டுவிட்டுப் போய்விடுவேன்.

வேலை போய்விடும் என்று நடுங்குகிறவள், வேலையை விட்டுவிடுவேன் என்று மிரட்டுவாளா?

என் முதல் வேலை ஞாபகம் வருகிறது. இருபத்திரண்டு வயது, ஒரு மொத்த வியாபாரியின் குடோனில் கணக்கெழுதினேன். சேர்ந்த அன்று முதலாளி தோளில் கையைப் போட்டு, 'தம்பி, நீ பாத்துக்குவ. எனக்குப் போன் பண்ற வேலையே வராது' என்றார். ஆறாவது வாரம் மழையில் கூரை ஒழுகி நாற்பது மூட்டை சர்க்கரை நனைந்தது. பதினோரு நாள் நான் அவரிடம் மூச்சு விடவில்லை. மூட்டையைப் பிரித்தேன், பாய் விரித்துப் பரப்பினேன், பக்கத்துக் கடையில் டேபிள் ஃபேன் கடன் வாங்கி வைத்தேன். நனைந்த சர்க்கரையைக் காயவைத்துக் கரையேற்ற முடியாது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கட்டெறும்பு வரிசை தெருவரைக்கும் போனது. திட்டுவார் என்று நான் பயப்படவே இல்லை, அவர் திட்டுகிற ஆளும் இல்லை. தோளில் போட்ட கையை எடுத்துவிடுவாரே என்றுதான்.

சரி, கதைக்கு வருவோம். க்விண்டை முதல் தடவை பார்ப்பதற்குச் சற்று முன் அவள் என்ன நினைத்துக்கொண்டு நடக்கிறாள் என்று கவனித்தீர்களா? சாயங்கால நேரம், பிள்ளைகள் படுக்கப் போய்விட்டார்கள். இந்தப் பாதைத் திருப்பத்தில் யாரோ ஒருவர் திடீரென்று வந்து நின்று, புன்னகை செய்து, 'நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய்' என்று பார்வையால் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறாள். அவருக்குத் தெரிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். திருப்பத்தில் வீடு தெரிகிறது. கோபுரத்தின் மேல் ஒரு ஆள் நிற்கிறான். ஒரு கணம் அவர்தான் வந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. அப்புறம், அவர் இல்லை.

இந்தப் பெண் கவர்னஸ் நாவல்களைப் படித்தவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரும் வாய் திறந்து சொல்லாத பைத்தியக்கார உறவினர் எவரையாவது இந்த வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்களோ என்று அவளே ஓரிடத்தில் யோசிக்கிறாள். 1847ல் வந்த 'ஜேன் ஏர்' ஞாபகம் வராமல் அதைப் படிக்க முடியாது. அந்த நாவலில் கவர்னஸான ஜேன் தன் எஜமானர் ராச்செஸ்டரை எங்கே சந்திக்கிறாள் தெரியுமா? வீட்டு நிர்வாகி எழுதிய கடிதத்தைப் பக்கத்து ஊரில் தபாலில் சேர்க்க நடந்துபோகிற வழியில். குதிரை சறுக்கி விழுகிறது, அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். ப்ளையில் இருப்பவளும் அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருக்கிறாள். வந்தவன் அந்த எஜமானரின் உடுப்பை மாட்டிக்கொண்ட வேலைக்காரன். க்விண்ட் அவருடைய துணிமணிகளை எடுத்துப் போட்டுக்கொள்வான், சில வெயிஸ்ட்கோட்டுகள் காணாமல்கூடப் போயின என்று மிஸஸ் க்ரோஸ் சொல்கிறாளே, அது வீணுக்குச் சொல்லப்பட்டதில்லை.

அப்புறம், எழுதாதவள் இவள் ஒருத்திதானா? மிஸஸ் க்ரோஸைப் பாருங்கள். க்விண்ட் உயிரோடு இருந்து பையனோடு அளவுக்கு மீறிப் பழகிய காலத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், எஜமானருக்குக் கோள் சொல்வது பிடிக்காது, புகார் என்றாலே வெறுப்பு என்கிறாள். ஆக, அந்த நிபந்தனை புதிதாக வந்த பெண்ணுக்கென்று போட்டது இல்லை. அந்த வீடே வருடக்கணக்காகச் சொல்லாமல் இருப்பதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே இருப்பவர் நல்லவர், தாராளமானவர். அவர் காதுக்குப் போகாதவரை எல்லாம் நன்றாக இருக்கிறது.

கவர்னஸுக்கு அவர் அனுப்பும் ஒரே தபாலும் இதே ரகம். அவள் போன புதிதில், ஒரு மாலை தபால் பை வருகிறது. அவர் கையெழுத்தில் இரண்டு வரி, உள்ளே பிரிக்காத இன்னொரு உறை. இது தலைமையாசிரியர் எழுதியது, அந்த ஆள் ஒரு அறுவை, நீ படித்துக்கொள், நீ பார்த்துக்கொள், எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதே, நான் கிளம்புகிறேன் என்கிறார். பத்து வயதுப் பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிய கடிதம் அது! பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதிலும் காரணம் ஒன்றும் இல்லை, வைத்துக்கொள்ள இயலாமைக்கு வருந்துகிறோம் என்பதோடு சரி. (எழுதப் படிக்கத் தெரியாத மிஸஸ் க்ரோஸிடம் அதை இவள் நீட்டுவதும், அவள் கையைப் பின்னால் வைத்துக்கொள்வதும் அந்த அத்தியாயத்தில் எனக்குப் பிடித்த இடம்.) என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவள் கேட்கிறாள். பள்ளிக்கு என்ன பதில் எழுதுவது? ஒன்றுமில்லை. பெரியப்பாவுக்கு? ஒன்றுமில்லை. பையனிடம்? ஒன்றுமில்லை. இந்த 'ஒன்றுமில்லை'யை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரைக்கும் நான் அவளுக்காகத்தான் வாதாடிக்கொண்டு வந்தேன். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் என் வாய் அடைத்துவிடுகிறது. குழந்தைகள் பெரியப்பாவுக்குக் கடிதம் எழுத ஆசைப்படுகிறார்கள். இவள் எழுத விடுகிறாள். பயிற்சிக்கு நல்லதுதானே. ஆனால் இவை அழகான இலக்கியப் பயிற்சிகள், தபாலில் போட முடியாத அளவுக்கு அழகானவை என்று சொல்லி எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்கிறாள். இன்றைக்கும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

நிபந்தனை அவளுக்குத்தான். எட்டு வயது ஃப்ளோராவுக்கும் பத்து வயது மைல்ஸுக்கும் அப்படி எந்த ஒப்பந்தமும் கிடையாது. தன் வாயைக் கட்டிக்கொண்டது காதல் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் கடிதத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டதை என்னவென்று சொல்வது? அந்த வீட்டிலிருந்து லண்டனுக்குப் போகக்கூடிய ஒரே வழியையும் அடைத்தவள் அவள்தான். பேய்கள் வந்து செய்யவில்லை. உங்கள் கோபத்தை இந்தப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்.

பையனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில், கல்லறைகளுக்கு நடுவே நின்று, நீங்கள் நினைப்பதைத்தான் பெரியப்பாவும் நினைக்கிறாரா என்று கேட்கிறான். அவர் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை என்கிறாள். கவலைப்பட வைக்க முடியாதா, அவரே இங்கு வந்தால்? யார் வரவழைப்பது? நான் வரவழைக்கிறேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடுகிறான். அவள் உள்ளே போகவில்லை. வேலையை விட்டு ஓடிவிடலாமா என்ற நினைப்போடு வீட்டுக்குத் திரும்புகிறாள். வந்து பார்த்தால், படிப்பறையில் அவளுடைய மேஜையில், அவளுடைய பேனா மை காகிதத்தை வைத்துக்கொண்டு யாரோ உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் தங்கிவிட்ட வேலைக்காரப் பெண் காதலனுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று முதலில் நினைக்கிறாள். உட்கார்ந்திருப்பது மிஸ் ஜெஸல். செத்த கவர்னஸ், உயிரோடிருக்கிற கவர்னஸின் மேஜையில், காதல் கடிதம் எழுதுகிறவள் மாதிரி. ஜேம்ஸ் இதை விளக்கமாட்டார். விளக்காமல் விடுகிறாரே என்று எரிச்சலாக வரும், ஆனால் அந்த மேஜை மனதை விட்டுப் போகாது.

அன்றைக்குத்தான் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். அதுவும் எப்படி? மிஸஸ் க்ரோஸ், தனக்காகக் கடிதம் எழுதித் தரும் பண்ணைக் காரியஸ்தரிடம் சொல்லி எழுதிவிடுவேன் என்று ஆரம்பித்த பிறகுதான். நம் கதையை அவரா எழுதுவது என்று கேட்டு அந்தப் பாவப்பட்ட பெண்ணை அழ வைத்துவிட்டு, சரி, இன்றிரவு எழுதுகிறேன் என்கிறாள். இரவு. வெளியே மழையும் காற்றும். விளக்கடியில் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு எழுந்து பையன் அறைக்குப் போய்விடுகிறாள். மறுநாள் மிஸஸ் க்ரோஸ் கேட்கும்போது எழுதியாயிற்று என்கிறாள். உறையில் போட்டு, ஒட்டி, விலாசம் எழுதியாகிவிட்டது. ஆனால் இன்னும் பாவாடைப் பையில்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. ஃப்ளோரா காணாமல் போன பரபரப்பில் வெளியே கிளம்பும்போதுதான் கூடத்து மேஜையில் வைக்கிறாள், வேலைக்காரன் லூக் எடுத்துக்கொண்டு போவான் என்று. போஸ்ட்மேன் கைக்குக் கொடுத்தால்தான் என்ன! வைத்த கடிதம் காணாமல் போகிறது.

எடுத்தவன் மைல்ஸ். கடைசி அத்தியாயத்தில் ஒத்துக்கொள்கிறான். என்னைப் பற்றி நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் பிரித்தேன் என்கிறான். என்ன இருந்தது? ஒன்றுமில்லை. அவரை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கை தவிர அதில் எதுவும் இல்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று இவள் சந்தோஷத்தில் ஏறக்குறையக் கத்துகிறாள். பையன் வருத்தமாக அதையே திருப்பிச் சொல்கிறான். எரித்துவிட்டேன் என்கிறான். நான் முதல் தடவை படித்தபோது அவளுக்கு எதற்கு இவ்வளவு குதூகலம் என்று புரியவில்லை. பையன் தப்பாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை என்ற நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. இவ்வளவு நடந்தும், கடிதம் எழுதியும்கூட, அவள் அவரிடம் எதையுமே சொல்லவில்லை. சந்திக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறாள்! நிபந்தனை அப்படியே இருக்கிறது, ஆசையும் அப்படியே இருக்கிறது. பத்து வயதுப் பையனோ தன்னைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும் என்று தேடியிருக்கிறான்.

பேய்கள் நிஜமா அவள் மூளைக்குள்ளா என்ற சண்டைக்கு நான் போகவில்லை. விமர்சகர்கள் நடுவே 1924ல் எட்னா கென்டன் தொடங்கி 1934ல் எட்மண்ட் வில்சன் பெரிதாக்கிய சண்டை, நூறு வருடமாக நடக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் இந்தக் கடித விஷயம் மாறுவதில்லை. பேய் நிஜம் என்றால் இன்னும் சீக்கிரம் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்குச் செய்தி கடைசியில் போகிறது, வேறு வழியில். காய்ச்சலோடு இவளைக் கண்டாலே அலறுகிற ஃப்ளோராவை மிஸஸ் க்ரோஸ் லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்தக் குழந்தை என்னைப் பற்றி அவரிடம் கேவலமாகச் சொல்லப்போகிறது என்பதுதான் அப்போதும் இவளுக்குக் கவலை. உங்களைப் பற்றி எவ்வளவு நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கிறார் என்று மிஸஸ் க்ரோஸ் அங்கலாய்க்கிறாள். அதைக் காட்டுவதற்கு அவருக்கு ஒரு விசித்திரமான வழி இருக்கிறது, இப்போதுதான் எனக்கு உறைக்கிறது என்று இவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவரைப் பற்றி அவள் இவ்வளவு கசப்பாகப் பேசுவது அபூர்வம். நல்ல வேளை, இப்போதாவது சொன்னாளே. அவர் அதன்பிறகு என்ன செய்தார் என்று கதையில் இல்லை.

இன்னொன்று பாக்கி. எழுத மாட்டேன் என்கிறாளே என்று நாம் இவ்வளவு நேரமாகத் திட்டுகிற இந்தப் பெண்தான் முழுக்கதையையும் எழுதியவள். பிற்காலத்தில், டக்ளஸின் தங்கைக்கு கவர்னஸாக வந்தபோது அவரிடம் சொல்லியிருக்கிறாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. சாவதற்கு முன்னால் எழுதிய கட்டை அவருக்கு அனுப்பிவிட்டாள். அவள் இறந்து இருபது வருடமாக அது அவருடைய லண்டன் வீட்டில் பூட்டிய மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. கணப்பருகே கூட்டம் கேட்கக் கேட்க, டக்ளஸ் தன் வேலைக்காரனுக்குச் சாவியை உறையில் வைத்து முதல் தபாலிலேயே எழுதிப் போடுகிறார். மூன்றாம் நாள் கட்டு வந்து சேர்கிறது. நான்காம் நாள் இரவு பிரித்து வாசிக்க ஆரம்பிக்கிறார். பழைய, மங்கிப்போன மை. கையெழுத்து மட்டும் அவ்வளவு அழகு என்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்